ஜோசி அணைத்த அடுப்பு

முந்நூற்று அறுபத்தாறு நாளையும் நான்தான் எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் எழுதவில்லை.

இதை யாரிடம் சொல்வது? புருஷன் மண்ணுக்குள் போய் ஏழு வாரம் ஆகவில்லை, அதற்குள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள் என்பார்கள். வேறொருத்தி சொல்லிக் கேட்டால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

இப்படி நினைத்துக்கொண்டே அட்ராக்டா மோரை மாவில் ஊற்றி ஒரு கையால் பிசைந்தாள். மற்ற கை சுத்தமாக இருக்க வேண்டும். தொலைபேசி எந்த நேரமும் அடிக்கும். பாலிகோரின் ஊர் வானொலிக்கான அறிவிப்புகள் எல்லாம் முதலில் இந்தச் சமையலறைக்குத்தான் வரும். யார் இறந்தார், அடக்கப் பூசை எத்தனை மணிக்கு, யார் வீட்டு நாயைக் காணோம், மழைக்காகக் கால்பந்து தள்ளிப்போயிற்றா. அவள் எழுதி அனுப்புவதை ஸ்டேஷனில் இருக்கும் பெண் காலை ஒன்பது ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் வாசிப்பாள்.

இன்று காலை எட்டரைக்கே பாக்கி கில்டே கூப்பிட்டுவிட்டார்.

"அட்ராக்டா, என் கிடாரி ஓடிப்போச்சு. சிவப்பு, மூஞ்சி மட்டும் வெள்ளை. எழுதிக்கோ."

"எழுதிட்டேன் பாக்கி."

"கேனிங் வேலி வழியாத்தான் போயிருக்கு. அதையும் போடு."

"வேலியை எதுக்கு இழுக்கறீங்க? மாட்டைத் தேடுவோம்."

"வேலி ஒழுங்கா இருந்தா மாடு ஏன் போகுது? முப்பது வருஷமா அந்த ஆளுகிட்ட சொல்றேன். வேலியா அது, கிழவன் பல்லு மாதிரி நிக்குது. போடு நீ. உன் வீட்டுக்காரன் இருந்தா இதுக்கு ஒரு கதையே கட்டியிருப்பான், கடவுள் அவனுக்கு இளைப்பாற்றி தரட்டும்."

அவள் போட்டுவிட்டாள். மனம் வேறிடத்தில் இருந்தது. இன்று செவ்வாய். சனிக்கிழமை மார்ச் ஒன்பது.

அவள் புருஷன் மலாக்கி டர்கன் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறியவர். மழையிலும் காற்றிலும் இருநூறு மாடுகளின் கத்தலுக்கு மேலே எழும்பி, கடைசி வரிசையில் நிற்கிறவனின் காதருகே போய் மெதுவாகப் பேசுகிற குரல் அது. அட்ராக்டா நூலகத்தில் வேலை பார்த்தவள். பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டி வைத்த பெரிய புத்தகங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. ஊரில் வானொலி தொடங்கியபோது, "இந்த நாளில் நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தினம் ஏழு நிமிஷம் சொல்லுங்க" என்று மலாக்கியைக் கேட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து அவளிடம், "இந்த நாளில் நம்ம ஊர்ல என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. பென்சிலால் கோடு போட்ட நோட்டில் அவள் எழுதுவாள். முதல் ரயில் வந்தது, கடைசி ரயில் போனது, பாலிகோரின் பெண் ஒருத்தி அமெரிக்காவிலிருந்து கோயில் மணிக்குப் பணம் அனுப்பியது, பெரும்பனியில் சவப்பெட்டியைக் கழற்றிய வாசல் கதவின் மேல் வைத்து இழுத்துப்போனது. காலை எட்டுப் பத்துக்கு அவர் வாசிப்பார். கடைவீதியில் அவரை நிறுத்தி, "உன் தலைக்குள்ள எவ்வளவு வெச்சிருக்கே மலாக்கி!" என்பார்கள். அவர் சிரிப்பார். அவள் பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது அவளுக்கு வலித்ததா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், யாரும் கேட்டதில்லை.

ஸ்டேஷன், மூடிப்போன இரும்புக்கடையின் மாடியில் இருக்கிறது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கன்னியர் மடத்துத் திரைச்சீலைகள். ஆறு வருடத்துக்கு முன் மேலாளர் ஃபெர்கல், "தேதி வருஷா வருஷம் திரும்பி வருது. ஒரு தடவை பதிவு பண்ணிட்டா எப்பவும் போடலாமே" என்றான். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, பிப்ரவரி இருபத்தொன்பது உட்பட எல்லா நாளையும் பதிவு செய்தார்கள். அது முடிந்த வருடம் அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, மலாக்கியின் வலப்பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போயின.

அதற்குப் பிறகு நாலு வருடம். முன்னறையில் கட்டில். காலையில் அவள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருப்பாள். சமையலறை ஜன்னலில் இருந்து, "எல்லாருக்கும் காலை வணக்கம், ஈரமா இருந்தாலும் சரி, காஞ்சு கிடந்தாலும் சரி" என்று அவர் பேசத் தொடங்குவார். கட்டிலில் இருப்பவர் கேட்டுக்கொண்டே விழுங்குவார். முதல் மாதம் அவள் ரேடியோவை அணைத்தாள். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், போடச் சொல்லி. பிறகு அது பழகிவிட்டது. ஒரு வீட்டில் ஒரு புருஷன் இரண்டாகப் பிரிந்திருப்பதும் பழகும் என்று அவள் கண்டுகொண்டாள். உடம்பைத் துடைத்துவிட ஒருவர், பேச்சுக்கு ஒருவர்.

ஜனவரி பதினாறு, காலை ஆறு மணிக்கு அவர் போனார். பக்கத்து வீட்டுக்காரி ஏழு மணிக்குள் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டாள். துக்க வீட்டுக்கு என்று ஊரில் பாதிப்பேர் பன்றித் தொடையை அடுப்பில் ஏற்றினார்கள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். எட்டுப் பத்துக்கு, "எல்லாருக்கும் காலை வணக்கம்" என்றார் மலாக்கி.

செத்தவன் குரலை அன்றைக்கே எந்த ஸ்டேஷனும் போடாது, வயலின்தான் போடும் என்பது ஊரின் உறுதியான நம்பிக்கை. அன்று ஃபெர்கல் ஊரில் இல்லை. ஸ்டேஷன் பெண்ணுக்கு அதற்குள் சேதி எட்டவில்லை. இயந்திரம் தன் பாட்டுக்குத் தேதியைப் பார்த்துப் போட்டுவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் சேதி பொய் என்று முடிவு கட்டி, அடுப்பை அணைத்து, கறுப்புக் கோட்டை மறுபடி மாட்டி வைத்தார்கள். ஒன்பது ஐந்துக்கு மரண அறிவிப்பு வாசித்தபோதுதான் ஊர் திடுக்கிட்டது. பத்து மணிவரை ஒருவரும் வராத வீட்டில் அவள் தனியாக அவருக்கு முகம் மழித்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் தர மாட்டேன் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறாள்.

மாலையில் பெர்னி பிரஹனி வந்தாள், ஆப்பிள் அப்பத்தைத் துணியில் மூடிக்கொண்டு. ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாற்பது வருடம் உழைத்த கைகள். சவப்பெட்டியருகே உட்கார்ந்து செபமாலையின் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொன்னாள். எழுந்திருக்கும்போது அட்ராக்டாவின் கையைப் பிடித்தாள்.

"நல்ல குரல் அட்ராக்டா. தினமும் கேப்பேன். மார்ச் ஒம்பது மட்டும் எங்க வீட்ல ரேடியோ கிடையாது."

குத்தலாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது என்பதுபோலச் சொன்னாள். அதுதான் நெஞ்சில் நின்றுவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, மார்ச் ஒன்பது. கோயில் கூடம் எரிந்தது. தவக்காலம், நடனம் கிடையாது, நாடக ஒத்திகை மட்டும் நடந்து பதினொரு மணிக்கு முடிந்தது. கூடத்தைப் பூட்டுகிறவர் பெர்னியின் அப்பா ஜோசி. கூடத்தில் குளிருக்கு மூட்டும் அடுப்பை அவர் அணைக்க மறந்தார் என்று அன்றைக்கே பேச்சு. வேலை போயிற்று. கடல் தாண்டிக் கவன்ட்ரிக்குக் கார் ஆலை வேலைக்குப் போனார். முதலில் கிறிஸ்துமஸுக்கு வந்தார், பிறகு அதுவும் இல்லை. அங்கேயே புதைத்தார்கள்.

அட்ராக்டா நோட்டில் எழுதியது: "கோயில் கூடம் இரவு இரண்டு மணிக்குத் தீப்பிடித்தது. காரணம் தெரியவில்லை." பத்திரிகையில் அவ்வளவுதான் இருந்தது. மலாக்கி வாசிக்கும்போது சொன்னது: "அடுப்பை அணைக்காம ஜோசி வீட்டுக்குப் போனாரு, கூடம் வானத்துக்குப் போச்சு." ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருடமும் சொன்னார். இப்போது ஊரில் யாராவது வீட்டைப் பூட்டினால், "அடுப்பைப் பாத்தியா ஜோசி?" என்றுதான் கேட்பார்கள். பதிவிலும் அந்த வரி இருக்கிறது. அதற்குப் பின்னால் அவருடைய சின்னச் சிரிப்பும்.

மலாக்கி படுப்பதற்குச் சில மாதம் முன்னால், பங்குச் சாமியார் வீட்டைக் காலி செய்தபோது, ஒரு பெட்டிப் பழைய காகிதம் அவளிடம் வந்தது. அதில் கூடத்துச் சாவிப் புத்தகம். சாவியை யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று கையெழுத்து. மார்ச் எட்டு: "ஜோ. பிரஹனி, சாவி ஒப்படைத்தது 11.10. அடுப்பு வாரி அணைத்தாயிற்று." அதற்குக் கீழே: "பீ. டர்கன், சாவி எடுத்தது 11.25." திருப்பித் தந்த நேரம் எழுதப்படவில்லை. பீட்டர் டர்கன், மலாக்கியின் அப்பா. தவக்காலத்தில் சீட்டும் விஸ்கியும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் கூடத்துக்குப் போகும் நாலு பெரிய மனிதர்களில் ஒருவர்.

அவள் அதை மலாக்கியிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "அடுத்த வருஷம் மாத்திரலாம்" என்றார். அந்த அக்டோபரில் பேச்சு போயிற்று.

பிறகும் நாலு மார்ச் ஒன்பதுகள் வந்தன. அவள் ஃபெர்கலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயிழந்தவரின் வாயைத் திருத்துவது எப்படி என்று இருந்துவிட்டாள். போன வருடம், அந்த வரி வந்தபோது, அவர் இடது கையால் அவள் சட்டைக் கையைப் பிடித்தார். சிரிப்பு முடிகிறவரை விடவில்லை. மாற்று என்றாரா? சும்மா இரு என்றாரா? குளிருக்குப் பிடித்தாரா? அவள் கேட்கவில்லை. ஆம், இல்லை என்று கண்ணால் சொல்லத் தெரிந்தவர்தான். கேட்டிருக்கலாம்.

ரொட்டியின் மேல் கத்தியால் சிலுவை கீறி அடுப்புக்குள் தள்ளினாள். வெளியே மழை மேற்கிலிருந்து படுக்கை வாட்டில் அடித்தது. மூன்று மணிக்கு ஃபெர்கலின் கார் வந்தது. உள்ளிருந்து முதலில் ஒரு குடை, பிறகு கன்செப்டா, மலாக்கியின் அக்கா, எழுபத்தேழு வயது.

"என்ன மழை, என்ன மழை. நோவா கூட இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு இருந்திருப்பாரு" என்று ஃபெர்கல் பூட்ஸைத் துடைத்தான்.

"உள்ள வாங்க. ரொட்டி வெந்துட்டிருக்கு."

"எனக்குச் சர்க்கரை வேணாம். தவக்காலம்" என்றாள் கன்செப்டா. "வெண்ணெய் விடலை. அதை டாக்டரே விடச் சொன்னாரு, அது தவத்துல சேராது."

அட்ராக்டா தேநீர் ஊற்றினாள். விறகுபோல எரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி இரண்டை ஃபெர்கல் தானாகவே எடுத்து அடுப்பில் போட்டான். சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் நுழைகிறவன். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். அதன்மேல் தன் பேனாவையும் வைத்தான்.

"ஒரு மாசப் பூசை முடியட்டும்னுதான் இருந்தேன். இதுவரை வயலினே போட்டோம். போன் மேல போன் வருது அட்ராக்டா. 'மலாக்கியை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே'ன்னு கேக்கறாங்க. ஒரு அம்மா, 'அவர் குரல் இல்லாம எனக்குக் காலைல மாத்திரை போட ஞாபகம் வரமாட்டேங்குது'ன்னு அழுவறாங்க."

"அது யாரு, ஓரா மகனன்தானே? அவளுக்கு எப்பவுமே ஞாபகம் வராது."

"அவங்கதான்." சிரித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தான். "குரல் இப்ப உங்களுக்குத்தான் சொந்தம்னு வக்கீல் சொல்றாரு. நீங்க கையெழுத்துப் போட்டா நாளையிலிருந்து மறுபடி போடலாம். வருஷா வருஷம். ஸ்டேஷன் உரிமம் ஜூன்ல முடியுது. உள்ளூர் விஷயம் இவ்வளவு நேரம் இருக்கணும்னு கணக்கு. அந்த ஏழு நிமிஷம் இல்லேன்னா எங்களுக்குக் கஷ்டம். மறைக்கலை உங்ககிட்ட."

அட்ராக்டா தாளைப் படித்தாள். பதிவுகள் அனைத்தும், உள்ளபடியே, மாற்றமின்றி.

அவளுக்கு அந்தக் குரல் வேண்டும். அது அவளுக்குத் தெரியும், பசி தெரிவதுபோல. ஏழு வாரமாக அவள் ரேடியோவைப் போடவில்லை; எட்டுப் பத்துக்கு இந்தச் சமையலறையில் குழாய் சொட்டுவதும் கடிகாரமும் மட்டும். நேற்றுக்கூட இரண்டு கோப்பை எடுத்துவிட்டாள்.

"ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் போடறேன்" என்றாள். "மார்ச் ஒம்பதுக்கு நான் புதுசா எழுதித் தர்றேன். யாராவது வாசிக்கட்டும். சாவிப் புத்தகத்துல இருக்கறது மட்டும். வேற ஒரு வார்த்தை சேக்கமாட்டேன்."

எழுந்துபோய்ச் சாவிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். ஃபெர்கல் குனிந்து படித்தான். காது சிவந்தது. கன்செப்டா குனியவில்லை.

"என் அப்பா இருபத்தெட்டு வருஷமா கல்லறைல கிடக்காரு" என்றாள் கன்செப்டா.

"ஜோசியும்தான். கவன்ட்ரில."

"இதைச் சொல்லி இப்ப யாருக்கு என்ன? அறுபது வருஷத்துக் கதை. யாரோ ஒரு புத்தகத்துல ஏதோ கிறுக்கி வெச்சதுக்கு அப்பாவைச் சந்திக்கு இழுப்பியா? அன்னைக்கு அவர் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டாரு. தீப்பிடிச்சது ரெண்டு மணிக்கு. நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன், எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மழை ஜன்னலில் மண்ணை அள்ளி வீசுவதுபோல் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

இவளுக்குப் பதினாலு வயதிலிருந்து தெரியும், என்று அட்ராக்டா நினைத்தாள். கோபம் வரவில்லை. படுக்கையில் கண்மூடிக்கொண்டு, படியேறும் அப்பாவின் சட்டையில் புகை வாசனையை முகர்ந்த ஒரு சிறுமியைத்தான் நினைக்க முடிந்தது.

"அட்ராக்டா," ஃபெர்கல் குரலைத் தாழ்த்தினான், "நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணை மாத்தினா வரிசை கட்டி வந்து நிப்பாங்க. உள்நாட்டுச் சண்டையில யாரு யாரைக் காட்டிக் கொடுத்தான், பால் பண்ணையை யாரு வித்தான்... இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேதி இருக்கு. நான் எல்லாத்தையும் திறந்தா சனிக்கிழமை சந்தைக்குப் போக முடியாது."

"அந்தத் தேதியெல்லாம் நான் எழுதியிருக்கேன் ஃபெர்கல். எதிலயும் யாரு பேரையும் வெச்சுச் சிரிக்கலை."

"அந்தச் சிரிப்புக்குத்தானே ஜனங்க கேட்டாங்க!" என்றாள் கன்செப்டா. "அதான் உனக்குக் கடுப்பு. உன் தாளை வாசிச்சா தூங்கியிருப்பாங்க. என் தம்பி உசுரு கொடுத்தான் அதுக்கு."

அது சரியான இடத்தில் பட்டது. அட்ராக்டா அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஜோசிக்காகவா இது, இல்லை கடைவீதியில் கூடையைப் பிடித்து நின்ற அந்த நாட்களுக்காகவா? பெர்னியின் அப்பத்துக்கா, தன் தாளுக்கா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை. மாவும் மோரும் சேர்ந்த பிறகு எது எது என்று யார் சொல்வது?

"இருக்கலாம்" என்றாள். "கடுப்பும் இருக்கலாம் கன்செப்டா. அதனால சாவிப் புத்தகம் மாறிடாது."

ஃபெர்கல் இருவரையும் பார்த்தான். "சரி, நடுவுல ஒரு வழி. இந்தச் சனிக்கிழமை அந்த நாளையே விட்டுடறேன். வயலின் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் நிதானமா உக்காந்து பேசிக்கலாம்."

அடுத்த வருஷம். அவள் மலாக்கியின் நாற்காலியைப் பார்த்தாள். அதில் கன்செப்டாவின் நனைந்த கோட்டு தொங்கியது.

"நாளைக்கு உன் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பும்போது உன் பொண்டாட்டி என்ன கேப்பா ஃபெர்கல்?"

அவன் தாளின் மேலிருந்த பேனாவை நேராக்கினான்.

"வயலின் போட்டா அது போயிடுமா?"

"அப்ப என்னதான் சொல்றீங்க? எல்லாம் உள்ளபடியே, இல்லேன்னா ஒண்ணும் இல்லை. குடும்பத்துல சண்டை இருக்கற ஒண்ணை நான் போட முடியாது. மலாக்கி குரலே இல்லாம போயிடும். உங்களுக்குச் சம்மதமா அது? நீங்க கேக்க வேணாமா?"

அடுப்பிலிருந்து ரொட்டியின் மணம் எழுந்தது. அவள் போய் எடுத்து, கவிழ்த்து, அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். வெற்றுப் பெட்டிபோல ஒலித்தது; வெந்துவிட்டது. துணியில் சுற்றி ஜன்னல் திட்டில் ரேடியோவின் பக்கத்தில் வைத்தாள். எட்டுப் பத்து. ஈரமா இருந்தாலும் சரி, காஞ்சு கிடந்தாலும் சரி. மனசுக்குள் ஒருமுறை முழுக்கக் கேட்டாள், அந்த வணக்கத்தை, அந்த மூச்சை, காகிதம் திருப்பும் சத்தத்தை. அந்தக் காகிதத்தை அவள்தான் எழுதியிருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்து" என்றான் ஃபெர்கல். பேனாவை எடுத்து நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தாள். அப்போது தொலைபேசி அடித்தது.

"அட்ராக்டா? பாக்கி பேசறேன். அந்தக் கிடாரி கிடைச்சிடுச்சு."

"நல்லது. எங்கே இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறே. என் தம்பி கொட்டகைல. ராத்திரி என் கேட்டை நானே திறந்து போட்டிருக்கேன். காலைல ரேடியோல கேட்டுட்டுக் கேனிங் வந்து வாசல்ல நிக்கறான், தொப்பியைக் கைல வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம. எனக்கு மானம் போச்சு. நாளைக்குத் திருத்திப் போடும்மா. கேனிங் வேலி மேல தப்பில்லைன்னு தெளிவாச் சொல்லணும். பேரோட."

"பேரோடயா?"

"பேரோடதான் திட்டினேன், பேரோடதான் சொல்லணும்."

"இருங்க, எழுதிக்கறேன்."

மேசையில் இருந்த தாளை அவள் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஃபெர்கலின் பேனாவால், நூலகத்துக் கையெழுத்தில், அவசரமில்லாமல் எழுதினாள். கிடாரி கிடைத்துவிட்டது. கேனிங்கின் வேலி வழியாகப் போகவில்லை. வேலி நன்றாக இருக்கிறது. தவறாகச் சொன்னதற்குப் பாக்கி கில்டே வருந்துகிறார். ஒருமுறை படித்துப் பார்த்தாள். தவறு தன் கையாலும் நடந்ததென்று நினைவு வந்து, "பாக்கி கில்டேயும் இந்த அறிவிப்பை எழுதியவரும் வருந்துகிறார்கள்" என்று திருத்தினாள்.

பேனாவை மூடினாள். முன்பக்கத்தில் கையெழுத்துக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. தாளை எழுதிய பக்கம் மேலே தெரியும்படி ஃபெர்கலின் பக்கம் நகர்த்தினாள்.

"இது காலைல ஒம்பது அஞ்சுக்கு" என்றாள். "மறக்காதே."

பிறகு கத்தியை எடுத்து, மூன்று பேருக்கும் ரொட்டி அறுத்தாள்.